மாமன் நீதான் சொல்ல வேண்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மகனுக்கு வந்திருப்பது ஆஸ்டியோசர்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய், என்று படித்ததும் அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. எலும்பு மளமளவென்று வளரும் வயதில், முழங்காலைச் சுற்றித்தான் இது அதிகம் வரும். ஃபுட்பால் ஆட விட்டதால்தான் என்று அக்கா புலம்புகிறார் என்றாயே, அடிபட்டு இது வருவதில்லை. அடிக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். முதலில் இதை அவரிடம் சொல்.

பையனிடம் 'எலும்பில் சீழ்' என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். இங்கேதான் உன்னோடு சண்டை. கேன்சர் வார்டில் இத்தனை வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். கடைசிவரை தெரியாமலே இருந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. முடி கொட்டும், கையில் போன் இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருப்பாரா? உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்துகொண்டு ராத்திரியில் தனியாகப் பயப்படுவான். டாக்டரை வைத்துக்கொண்டு நீயே சொல். அவன் அப்பாவும் கூட இருக்கட்டும்.

இன்னொன்று. கீமோ மருந்தால் பின்னால் குழந்தை பிறப்பது பாதிக்கப்படலாம்; அதனால் அது தொடங்கும் முன்பே விந்தணு சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேள். அக்கா கூச்சப்படுவார், மாமன் நீதான் கேட்கணும்.

அப்புறம்தான் ஆபரேஷன். இப்போது பெரும்பாலும் காலை எடுப்பதில்லை. கட்டி இருக்கும் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிறார்கள். ஆனால் 'கால்தான் இருக்கே' என்று யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்த மூட்டோடு ஃபுட்பால் ஆட முடியாது. அவனுக்கு அதுதான் பெரிய இழப்பு; அழட்டும்.

காலை எடுக்கும்படி ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போன மாசம் ஒரு பையன், இல்லாத காலின் கட்டைவிரல் அரிக்கிறது என்றான். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா ஒரே அழுகை. புத்திக் கோளாறு இல்லை, எடுத்த கால் இன்னும் இருப்பதுபோல் மூளைக்குத் தோன்றுவதுதான். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அதில் பார்த்தபடி ஆட்டச் சொன்னோம்; இல்லாத கால் அசைவதுபோல் தெரியும். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன் 90-களில் கொண்டுவந்த வழி. எல்லோருக்கும் கேட்காது, இவனுக்குக் கேட்டது.

சிகிச்சை முடிந்த பிறகும் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று சில மாதத்துக்கொருமுறை பார்ப்பார்கள். அந்த நாள் நெருங்கும்போது வீடே எரிந்து விழும். அது சகஜம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது, அக்காவும் போய்ப் பேசட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அட்மிஷன் தேதி தெரிந்ததும் போன் பண்ணு, நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரவி