எந்த ராத்திரியில் புகுத்தினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வேளாண் கட்டுரையில் ஒரு வரி: "களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் எல்லாமே பாக்டீரியா மரபணு புகுத்தப்பட்டவைதான்." எல்லாமேவா? அப்படியானால் என் மக்காச்சோளத்தில் யார், எந்த ராத்திரியில் வந்து புகுத்திவிட்டுப் போனார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

18 வருஷமாக மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கிறேன். ஒரு பயிர் வாடியதில்லை. அட்ரசினைத் தன் செல்லிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளோடு கோத்துச் செயலிழக்க வைக்கும் நொதி அதற்குப் பிறவியிலேயே உண்டு. அதே வயலில் ஒருமுறை அவசரப்பட்டு அடுத்த போகமே சோயா விதைத்தேன். அழகாகத்தான் முளைத்தது. அப்புறம் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகி, நெருப்புப் பட்ட காகிதம் மாதிரி உள்ளே உள்ளே கருகிக்கொண்டு வந்தது. மண்ணில் தங்கியிருந்த மிச்ச மருந்தைச் சோயாவால் சமாளிக்க முடியவில்லை.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் அமெரிக்காவில் சாகுபடிக்கு வந்ததும், அதில் பாக்டீரியா மரபணு இருப்பதும் உண்மை. சரி. இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லிகளைத் தாங்கும் நெல், கோதுமை ரகங்கள் எங்கே போயின? அந்த மருந்து தாக்கும் நொதியை உண்டாக்கும் அவற்றின் சொந்த ஏஎல்எஸ் மரபணுவில் ஓரிடம் மாறியதோடு சரி, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா? சில வருஷங்களுக்கு முன் நீங்களே எழுதியதுதானே! கத்தரித்து வைத்திருக்கிறேன்.

ஒரு வரிக்கா இத்தனை கோபம் என்பீர்கள். போன வருஷம் களைக்கொல்லிச் செய்திக்குப் 'பூச்சிமருந்து' என்று தலைப்பிட்டீர்கள். அதற்கும் முன்னால் "களைகள் மருந்துக்குப் பழகிவிட்டன" என்றீர்கள். பழகுவதற்கு அது என்ன புது மாப்பிள்ளையா? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த என் வயலில் நாலு செடி மட்டும் சாகாமல் நின்றது. நாலுதானே என்று பிடுங்காமல் விட்டது என் சோம்பல். அடுத்த வருஷம் அந்த மூலை முழுக்க அவற்றின் பிள்ளைகள். தாங்காதது செத்தது, தாங்கியது விதைவிட்டது. இதை விளக்கி அப்போதே எழுதினேன். கடிதம் வரவில்லை, குறுக்கெழுத்துப் போட்டி முழுப் பக்கத்துக்கு வந்தது.

பெட்டிச் செய்தி கேட்கவில்லை, என் பெயரும் வேண்டாம். அந்த 'எல்லாமே'யைச் 'சில' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். குறுக்கெழுத்துக்கு அடியில் என்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்