ஹோர்ஸ்ஃபாலையும் கொஞ்சம் நினைக்கலாமே

ஆசிரியருக்கு,

இலங்கையில் பிறந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற பேசில் ஹோர்ஸ்ஃபாலைப் பற்றி மலையகப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. கிழக்கு லங்காஷயர் காலாட்படையின் இரண்டாம் லெப்டினன்ட். முதல் உலகப் போர், 1918 மார்ச் 27, பிரான்ஸ். தலையில் காயம். ஆனால் தன் படைக் கம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளும் வீழ்ந்துவிட்டார்கள் என்று கேட்டதும் சிகிச்சைக்குப் போக மறுத்துவிட்டார். மிஞ்சியவர்களைத் திரட்டி, இழந்த இடத்தை மீட்டார். அப்புறம் பின்வாங்கக் கட்டளை வந்தபோது கடைசியாகக் கிளம்பியவரும் அவர்தான். அப்போதே உயிர் போயிற்று. உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

சரி, அவர் வெள்ளைக்காரர், பேரரசுக்காகப் போரிட்டவர். தோட்டங்களில் நம்மவர்கள் பட்ட பாட்டை மறக்கச் சொல்லவில்லை. அதற்காக அந்த வீரம் பொய்யாகுமா? அந்தப் போர் முடிந்த நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள்.

வாசகர்,
ஹட்டன்