பேசாமல் இருப்பதைச் சமாதானம் என்று நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"எங்கள் வீட்டில் சண்டை என்பதே கிடையாது அக்கா; கோபம் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன், மூன்று நான்கு நாளில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தாய். குரலை உயர்த்தாத கணவன் என்பதில் உனக்கு ஒரு நிறைவு இருப்பது தெரிகிறது. கூச்சலையும் கை ஓங்குவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிறைவு வருவது இயல்புதான். ஆனால் அந்தத் "தானாக" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த வரியிலேயே நடப்பதைச் சொல்லிவிட்டாய்: உன் மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மகளிடம் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்கிறாள், நீயும் மகளிடமே பதில் சொல்லி அனுப்புகிறாய், கடைசியில் முதலில் வாய் திறப்பது ஒவ்வொரு முறையும் அவள்தான். அப்படியானால் அது தானாகச் சரியாகவில்லை, தம்பி. அவள் சரிசெய்கிறாள்.

ஒருவரோடு பேசாமல் இருப்பது அவருக்கு என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற சமூக உளவியலாளர். அவர் ஒரு முறை பூங்காவில் அமர்ந்திருந்தபோது, முன்பின் அறியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் அருகே வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், அவர்களும் சிறிது நேரம் அவரைச் சேர்த்துக்கொண்டு விளையாடிவிட்டு, பிறகு எதுவும் சொல்லாமல் அவர் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிறு புறக்கணிப்பு தம்மை இவ்வளவு வருத்துவானேன் என்ற கேள்வியிலிருந்து அவருடைய ஆய்வு தொடங்கியது. பின்னர் அதையே கணினியில் ஒரு பந்து விளையாட்டாக அமைத்தார். சில நிமிடங்கள் பந்து வராமல் போனாலே, கலந்துகொண்டவர்களிடம் தாம் ஓர் இடத்தைச் சேர்ந்தவர், மதிப்புள்ளவர், நடப்பவற்றில் தமக்கும் ஒரு பிடி உண்டு என்ற உணர்வுகள் குறைந்தன. எதிரே விளையாடுவது மனிதர்கள் அல்ல, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கும் அப்படியே நேர்ந்ததாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முகம் தெரியாத ஒன்றிடம் சில நிமிடங்களில் நேர்வது இது. ஒரே கூரையின் கீழ் வாழும் கணவன், மனைவியைக் கடந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அதுவும் நாட்கணக்கில், அவளுக்கு என்ன நேரும் என்பதற்குத் தனியாக ஓர் ஆய்வு வேண்டுமா என்ன?

நீ வேண்டுமென்றே தண்டிக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இருவர், தம்பதிகளை ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்களுக்குள் தீராத ஒரு பிரச்சினையைப் பேசச் சொல்லி, பேச்சோடு இதயத்துடிப்பு முதலியவற்றையும் பதிவு செய்தார்கள். முகத்தில் சலனமே இல்லாமல், கல்லைப் போல உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு உள்ளே துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது; அப்படி உறைந்துபோனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வதைக் காது கேட்டாலும் மனம் வாங்கிக்கொள்வதில்லை என்கிறார் காட்மன். எந்தத் தம்பதி பிரிவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்ற அவருடைய கணக்குகள்மீது நியாயமான விமர்சனங்கள் உண்டு; எனக்கும் அவற்றில் நம்பிக்கை குறைவு. ஆனால் அவர் செய்துபார்த்த ஒரு சிறு சோதனை உனக்கு உதவும். வாக்குவாதத்தின் நடுவில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தி, 20 நிமிடம் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருக்கச் செய்தார்கள். துடிப்பு இறங்கியபின் பேச்சு மீண்டும் தொடங்கியபோது, அவர்கள் முன்பைவிட இதமாகவும் நிதானமாகவும் பேசினார்கள்.

ஆகவே பேச்சை நிறுத்துவதில் தவறில்லை. உனக்கு அது தேவையும்கூட. தவறு, அது எதற்கென்றும் எப்போது முடியுமென்றும் சொல்லாமல் போவதில் இருக்கிறது. "இப்போது பேசினால் நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிடுவேன். சாப்பிட்டபின் ஒன்பது மணிக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவனும், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறவனும் வெளியே பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள், வீட்டுக்குள் இருப்பவளுக்கு அப்படியல்ல. முன்னவனுக்காக அவள் காத்திருக்கிறாள். பின்னவனிடம், தான் செய்த குற்றம் எது, அது எவ்வளவு பெரிது, மன்னிப்பு உண்டா என்பதையெல்லாம் அவளே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது மணி ஆனதும், நிறுத்தச் சொன்ன நீயே போய்த் தொடங்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்த இடத்தில்தான். இடைப்பட்ட நேரத்தில் அவள் சொன்னதை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. நடக்கப் போ, அல்லது துணியை மடித்து வை.

நம் அகமரபிலேயே ஊடலுக்கு இடம் இருக்கிறதே என்று நீ வாதிடலாம். இருக்கிறது. ஆனால் அங்கே ஊடுபவள் பெரும்பாலும் தலைவி. அதைத் தணிக்க வேண்டிய பொறுப்பு தலைவனுடையது. தோழியும் பாணனும் வாயில்களாக, அதாவது இருவரையும் இணைத்துவைக்கும் இடையாட்களாக, நின்று தூது போகிறார்கள். அவர்களை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் முறை உண்டு. திரும்பி வருவதற்கான வழியும் ஊடலோடு சேர்த்தே வகுக்கப்பட்டிருக்கிறது. உன் வீட்டில் அந்த வாயில் வேலையைப் பார்ப்பது ஒரு குழந்தை.

அந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் 1970களில், சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயைத் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. இது பலருக்கும் தெரிந்த சோதனை. அவ்வளவாகப் பேசப்படாதது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு: சாதாரண நாட்களில்கூட, நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் இசைவு இருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் பொருந்தாமல் போவதும், மறுபடி பொருத்திக்கொள்வதுமாகக் கழிகிறது. விலகியது மீண்டும் சேரும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வது அந்தப் பொருத்திக்கொள்வதில்தான். உன் மகள் கைக்குழந்தை அல்ல. ஆனாலும் நீங்கள் விலகுவதை மட்டுமே அவள் பார்க்கிறாள். சேர்வது அவள் தூங்கியபின் நடக்கிறது, அல்லது நடந்ததாகவே அவளுக்குத் தெரிவதில்லை. அவளைத் தூது அனுப்புவதை இன்றோடு நிறுத்திவிடு.

நான்காம் நாள் உன் மனைவி "காபி போடவா?" என்று கேட்கும்போது, அது காபியைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்பது உனக்கே தெரியும். அடுத்த முறை அவள் அதைக் கேட்கும்வரை காத்திருக்காதே. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "அன்று நான் எழுந்து போனது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேள். பதில் நீளமாக வரும், பழைய கணக்குகளும் சேர்ந்து வரும். இடையில் விளக்கம் சொல்லாமல் முழுவதையும் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா