சாரதாவுக்கு, எல்டர்பூத் தேநீர் பற்றி

டர்பன், தென்னாப்பிரிக்கா
ஜூலை 12

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் கிடைத்தது. லெனேசியாவில் வீட்டுக்கு வீடு இருமல் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான். எல்டர் மரத்தின் வெள்ளைப் பூவைக் காயவைத்துப் போடும் எல்டர்பூத் தேநீரை நம்பலாமா என்று கேட்டாய். நம்பலாம், சளி பிடிக்கிற முதல் இரண்டு மூன்று நாளைக்கு. மூக்கு ஒழுகி உடம்பு கனக்கும்போது சூடாகக் குடித்துவிட்டுப் போர்த்திப் படுப்பதுதான் பழைய வழக்கம், நன்றாக வேர்க்கும். ஐரோப்பிய மருந்து முகமை இதைச் சளியின் தொடக்கத்துக்கு ஏற்றிருப்பதும் தலைமுறைப் பழக்கத்தை வைத்துத்தான், சோதனைகளில் நிரூபணமாகி அல்ல. ஃப்ளூவை விரட்டும் என்கிறார்களே, அந்த ஆய்வுகள் எல்டர் பழத்தை வைத்துச் செய்தவை. அதைப் பூவின் கணக்கில் சேர்க்காதே.

ஒரு வேளைக்கு 2 முதல் 5 கிராம் உலர்பூ, 150 மில்லி கொதிநீர், நாளுக்கு 3 வேளை. ஒரு தேக்கரண்டியில் ஒன்றரை கிராம்தான் பிடிக்கும், அதனால் இரண்டு கரண்டி போடு. நமக்குப் பாலோடு கொதிக்கவிட்டே பழக்கம்; இங்கத்திய சிவப்புத் தேயிலையான ரூயிபாஸ் அதைத் தாங்கும், இந்தப் பூ தாங்காது, வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். கொதித்த நீரை இறக்கிப் பூவின்மேல் ஊற்றி, தட்டுப்போட்டு 10 நிமிடம் மூடிவை. திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரைக் குவளையிலேயே வழித்துவிடு, மணம் அதில்தான் இருக்கும். துணியில் வடிகட்டு. வெளிர்மஞ்சளாக, தேன் வாசத்தோடு இருந்தால் நல்ல பூ. பழுப்பாகிப் பூனை மூத்திர வாடை அடித்தால், முற்றிய பூ அல்லது ஈரத்தோடு காயவைத்த பூ. கொட்டிவிடு.

உன் தம்பி தோட்டத்து மரம் நவம்பர் வாக்கில் பூத்தால், பனி உலர்ந்த காலையில் பறிக்கச் சொல். கழுவக்கூடாது, மகரந்தம் போய்விடும். உதறினாலே பூச்சி விழும். நிழலில் காகிதத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, கைபட்டால் பொடிகிற பதம் வந்ததும் சல்லடையில் தேய்த்துப் பூவை மட்டும் எடுக்கவேண்டும். தண்டு, இலை, பட்டை எதுவும் சேரக்கூடாது. அவற்றில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. 1983-இல் கலிபோர்னியாவில் எல்டர் பழத்தோடு இலையும் கிளையும் சேர்த்துப் பிழிந்த சாற்றைக் குடித்து 11 பேர் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தார்கள். இன்னொன்று, ஹெம்லாக் என்ற கொடிய விஷச்செடியும் நம் நாட்டில் களையாக முளைக்கிறது, அதன் பூவும் வெள்ளைக் கொத்துதான். அதன் தண்டு பச்சை, மேலே ஊதாப் புள்ளி, இலை மல்லித்தழைபோல் பிரிந்திருக்கும். எல்டருக்குக் கட்டைக் கிளை, ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ முழு இலை. சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம்.

அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்தப் பூ சர்க்கரையைக் குறைக்கலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதே. தேனும் வேண்டாம், ஒரு துண்டு இஞ்சி போதும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, தேநீரை நம்பி உட்காராதே.

இத்துடன் 60 கிராம் அனுப்புகிறேன். ஒரு வேளைக்கு 3 கிராம் என்றால் ஒருவருக்கு ஆறு நாளைக்கு மேல் வரும். வந்ததும் மூடி இறுகும் கண்ணாடிச் சாடிக்கு மாற்றி, வெளிச்சம் படாமல் வை.

அன்புடன்,
பாக்கியம்