சேஜ் என்றால் முனிவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இத்தாலியக் கோழி என்று ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. அதில் 'முனிவர் இலை' ஒரு கைப்பிடி நறுக்கிக் கடைசியில் மேலே தூவச் சொல்லியிருந்தீர்கள். கிடைக்காதவர்கள் அதே அளவு கற்பூரவல்லி போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. முனிவர் இலை என்றதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வில்வமா, திருநீற்றுப் பச்சிலையா என்று யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் சேஜ் என்று இருந்திருக்கிறது, யாரோ அகராதியைப் பார்த்து அதை முனிவர் ஆக்கிவிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துச் சமைத்தே விட்டாள். ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த நாள் வேறு. முனிவர் இலைக்கு எங்கே போவாள்? கொல்லையில் இருந்த கற்பூரவல்லியை ஒரு கைப்பிடி பறித்து நறுக்கிப் போட்டிருக்கிறாள். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "கோழிக்கு என்னம்மா, சளி பிடிச்சிருந்ததா?" என்று கேட்டாராம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஓமத் தண்ணீரில் வேகவைத்த கோழி மாதிரிதான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கற்பூரவல்லி விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் 2004 முதல் 2013 வரை இத்தாலியில், ஃபுளோரன்ஸ் நகரத்தில், வயதான ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மாத்திரை கொடுப்பது, கைபிடித்து மாடிப்படி இறக்குவது, இரண்டு வேளைச் சமையல். நான் அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊரில் அம்மா என்கிற மாதிரி. அவர் பிறந்தது வடக்கே மாந்துவா பக்கம், வாழ்க்கைப்பட்டது ஃபுளோரன்ஸுக்கு. அதனால் அந்த வீட்டு அடுப்படியில் இரண்டு ஊர்ச் சமையலும் நடக்கும். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது சமையலறை ஜன்னல் திட்டில் மண்சட்டியில் நின்ற ஒரே செடி. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் சால்வியா. நீங்கள் சொன்ன முனிவர் அதுதான்.

பெயர்க் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சால்வியா என்பது நலம், காப்பு என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் சேஜ் ஆயிற்று. முனிவரைக் குறிக்கும் சேஜ் வேறு சொல். அது சுவைத்தல், அறிதல் என்ற பொருள் உள்ள இன்னொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். ஊட்டி பூங்காவில் பாத்தி பாத்தியாகச் சிவப்புப் பூவோடு நிற்கும் சால்வியா இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அதைப் பறித்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

சரி, கற்பூரவல்லி. துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி, சேஜ் எல்லாம் ஒரே குடும்பம் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே குணமா இருக்கிறது? கற்பூரவல்லிக்குப் பேரில்தான் கற்பூரம், கசக்கி மோந்து பார்த்தால் ஓமம். ஓமத்தில் இருக்கும் அதே மாதிரிச் சத்துகள்தான் அதன் எண்ணெயிலும் இருக்கின்றன. பீட்ஸாவுக்குத் தூவும் ஒரிகனோ இல்லையென்றால் கற்பூரவல்லியைப் போடலாம், நானே போடுவேன். நிஜமாகவே கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோலும் கொண்டது சேஜ் இலைதான். பச்சையாக மென்றால் அந்தக் கற்பூர வாடையும் ஒரு கசப்பும் துவர்ப்பும் வரும். ஒரு சின்ன இலையே நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதை ஒரு கைப்பிடி நறுக்கி, வேகவைக்காமல் மேலே தூவச் சொல்லியிருக்கிறீர்கள். சரியான இலை கிடைத்திருந்தாலும் அந்தக் கோழி தேறியிருக்காது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் கோபமில்லாமலே சொல்கிறேன். போன புதிதில் ஒரு ராத்திரி வெள்ளை பீன்ஸ் செய்யச் சொன்னார். வேகவைத்துவிட்டு, இந்த இலையைக் கொத்தமல்லி மாதிரி பொடிப்பொடியாக நறுக்கி மேலே அலங்காரமாகத் தூவிக் கொண்டுபோய் வைத்தேன். சிஞ்ஞோரா ஒன்றும் சொல்லவில்லை. முள்கரண்டியின் நுனியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்துத் தட்டின் ஓரத்தில் சேர்த்தார். பத்து நிமிஷம் எடுத்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நாளைக்கு நான் காட்டுகிறேன்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

மறுநாள் அவர் காட்டியதைப் பார்த்ததும் எனக்கு ஊர் அடுப்படி நினைவுதான் வந்தது. நம்முடைய தாளிதம்தான்! சின்ன வாணலியில் வெண்ணெய், நான்கு பேருக்கு நூறு கிராம் வரும். இலை பதினைந்து. கழுவினால் ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இலை மேலே வெல்வெட் துணி மாதிரி நுண்ணிய முடி இருப்பதால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொழுப்பில் பட்டதும் முகத்தில் தெறிக்கும். அடுப்பைத் தணித்து வைத்து வெண்ணெயை உருக்கி, நுரை வந்ததும் இலைகளைப் போட வேண்டும். முதலில் சடசடவென்று சத்தம் வரும். வெண்ணெயில் உள்ள நீரும் இலையில் உள்ள நீரும் வற்ற வற்றச் சத்தம் இறங்கும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, காதை வைத்தே பதம் சொல்வார். சத்தம் நின்று, நுரை அடங்கி, வெண்ணெய் வறுத்த வேர்க்கடலை நிறத்துக்கு வந்த நொடியில் "இறக்கு" என்பார். ஒரு இலையை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பார். அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். இன்னும் அரை நிமிஷம் விட்டால் கருகிக் கசந்துவிடும்.

கசப்பு போய் மணம் மட்டும் எப்படி நிற்கிறது என்றால், இந்த இலையின் வாசனை கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. கறிவேப்பிலையை வெறுமனே குழம்பில் போடுவதற்கும் எண்ணெயில் பொரியவிட்டுக் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேஜைக் கொத்தமல்லி வரிசையில் வைக்காமல் கறிவேப்பிலை வரிசையில் வைத்திருந்தால் உங்கள் குறிப்பு பாதி சரியாகியிருக்கும்.

அந்த வெண்ணெயை அப்படியே சேமியா வகைகளின் மேல் ஊற்றுவார்கள், உருளைக்கிழங்கு உருண்டை மேல் ஊற்றுவார்கள். ஆனால் அது உண்மையில் எதற்காகப் பிறந்தது என்று கேட்டால் நான் மாந்துவாக்காரர்களின் பரங்கிக்காய் தோர்த்தெல்லியைத்தான் சொல்வேன். கோழிமுட்டை போட்டுப் பிசைந்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே சுட்ட பரங்கிக்காய் மசியல், பாதாம் பிஸ்கட் தூள், பார்மிஜானோ சீஸ், கடுகுக் காரத்தில் ஊறிய பழத் துண்டு, ஜாதிக்காய் வைத்து மூடி வேகவைப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அங்கே இறைச்சி கிடையாது, இதுதான் சாப்பாடு. தின்றால் இனிப்பா, உப்பா, காரமா என்று சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவது மேலே ஊற்றிய சேஜ் வெண்ணெய்தான். டிசம்பர் 24 காலையில் அறுபது எழுபது மடித்து வைப்போம். சிஞ்ஞோராவின் மடிப்பு எல்லாம் ஒரே அளவாக இருக்கும். என்னுடையது கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். வெந்ததும் என்னுடையதைத்தான் முதலில் எடுத்துத் தின்பார், உள்ளே நிறைய இருக்கிறதாம்.

ஃபுளோரன்ஸ் பக்கத்துச் சாப்பாடு பீன்ஸ். அந்தத் தொஸ்கானா ஜனங்களை மற்ற இத்தாலியர்கள் 'பீன்ஸ் தின்னிகள்' என்றே கேலி செய்வார்கள். கால் கிலோ வெள்ளை பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நாலைந்து சேஜ் இலை, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெயோடு சிறு தீயில் குழையாமல் வேகவிட வேண்டும். உப்பு கடைசியில்தான். அப்புறம் வேறொரு சட்டியில் எண்ணெயில் பூண்டும் எட்டுப் பத்து சேஜ் இலையும் பொரியவிட்டு, தக்காளி சேர்த்து வதக்கி, வெந்த பீன்ஸைக் கொட்டிப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து மிளகு தட்டிப் போட்டால் முடிந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயருக்குக் குருவிக்கறி முறை பீன்ஸ் என்று அர்த்தம். சின்னப் பறவைகளைச் சமைக்கும்போது இந்த இலையைப் போடுவார்களாம், அதே மணம் பீன்ஸுக்கு வந்ததால் அந்தப் பேர். பீன்ஸும் தக்காளியும் அமெரிக்காவில் இருந்து போனவை, இலை மட்டும் மத்தியதரைக் கடலோரத்துச் சொந்தச் சரக்கு. இங்கே நான் வெள்ளை ராஜ்மாவில் செய்கிறேன், கொடைக்கானல் பட்டர் பீன்ஸ் கிடைத்தால் அதில். அது சீக்கிரம் வெந்துவிடும், கவனம்.

இலையை அவர்கள் காசு கொடுத்து வாங்கவே மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சாந்த் அம்ப்ரோஜோ சந்தையில் காய் வாங்கினால் கடைக்காரர் கடைசியில் ஒரு கொத்து சேஜ், ரோஸ்மேரி, பார்ஸ்லி என்று பையில் திணித்துவிடுவார். அதற்கு ஒதோரி என்று பேர், வாசனைகள் என்று அர்த்தம். நம் கடையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு கேட்பது மாதிரியேதான். முதல் தடவை அவர் பையில் போட்டபோது, நான் கேட்கவில்லையே, காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். சந்தையே சிரித்தது.

கோழிக்கு வருகிறேன், குறிப்பே அதுதானே. ரோமாபுரியில் சல்திம்போக்கா என்று ஒன்று உண்டு, 'வாய்க்குள் குதி' என்று பொருள். அங்கே அது கன்றுக்குட்டி இறைச்சி. மெல்லிய துண்டின் மேல் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சி ஒரு தாள், அதன் மேல் ஒரே ஒரு சேஜ் இலை, பல்குச்சியால் குத்திச் சேர்த்து, வெண்ணெயில் போட்டு எடுத்து, சட்டியில் ஒட்டியதை வெள்ளை ஒயின் விட்டுச் சுரண்டி மேலே ஊற்றுவார்கள். ஒரு துண்டுக்கு ஓர் இலை! உங்கள் குறிப்பில் ஒரு கைப்பிடி. நான் இங்கே கோழி நெஞ்சுத் துண்டைத் தட்டி மெல்லிசாக்கிச் செய்கிறேன். ஒயினுக்குப் பதில் கோழி வேகவைத்த தண்ணீரும் எலுமிச்சைச் சாறும். பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டு உப்புப் போட்டுக்கொள்ளலாம். அது இருந்தால் உப்பே போடக் கூடாது.

நெய்யில் செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. இலை இன்னும் நன்றாக மொறுமொறுக்கும், வெண்ணெய் சிவக்கும்போது வரும் அந்த வறுத்த மணம்தான் இருக்காது. என் மருமகன் சேஜ் நெய்யை இடியாப்பத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறார். சிஞ்ஞோரா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு துண்டு உப்பு நெத்திலி வைத்து, மாவில் தோய்த்து பஜ்ஜி போடுவதும் அங்கே உண்டு. கற்பூரவல்லி பஜ்ஜி போடும் ஊரில் இதைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உலர்ந்த இலை பாட்டிலில் வருகிறது, அதன் மணம் பச்சை இலையைவிட அழுத்தம். மூன்றில் ஒரு பங்கு போதும். இந்த இலையில் துஜோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அளவு மீறினால் கெடுதல். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைக் கஷாயமாகக் குடிக்க வேண்டாம். சமையலில் நாலு இலையால் பயமில்லை.

இங்கே குன்னூரில் என்னிடம் மூன்று தொட்டி இருக்கிறது. குளிரை இந்தச் செடி தாங்கும், மழையைத்தான் தாங்காது. முதல் இரண்டு வருஷமும் ஐப்பசி மழையில் வேர் அழுகிச் செத்தது. இப்போது மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் சிறு கல்லும் கலந்து, தாழ்வாரத்து ஓரம் வெயில் படும் இடத்தில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுகிறேன். விரல் நீளத் தண்டை வெட்டி வைத்தாலே வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். மாமியார் தீபாவளிக்கு மறுபடி வருகிறாராம்.

வருகிற ஞாயிறு இணைப்பில் ரோஸ்மேரி போட்ட உருளைக்கிழங்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை 'மேரி ரோஜா' என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
குன்னூர்