ராணியின் பின்னங்கால்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கப் பழகிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். மஞ்சளுக்குக் களை எடுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். உன் நாய் ராணியைப் பற்றிக் கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரி மனசை விட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

"எழுந்திருக்கவே நேரமாகிறது, கார் ஏற யோசிக்கிறாள், வயசாயிருச்சு, என்ன பண்றது" என்று முடித்துவிட்டாய். லாப்ரடாருக்கு 11 வயது என்றால் வயதாகிவிட்டது சரிதான். ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றும் வலியின் அடையாளம். முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்து எழுவது, நேரமே எழுந்ததும் விறைப்பாக நடந்து கொஞ்ச நேரம் கழித்து இளகுவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருப்பது, பேத்தி இடுப்பைத் தொட்டால் உறுமுவது. கோபக்காரியாகிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. தொட்டால் வலிக்கிறது மாப்ளே, அதனால் உறுமுகிறாள். அடிபட்டால்தான் நாய் கத்தும். நாள்பட்ட மூட்டுவலியைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு நடையைக் குறைத்துக்கொள்ளும். என் நாய் கருப்பனும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் சாளையை விட்டு நகராமல் கிடந்தான். வைத்தியம் ஆரம்பித்த பிறகு மறுபடியும் வரப்பு வரப்பாக என்னோடு நடந்தான். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தேய்ந்த மூட்டைப் பழையபடி ஆக்க முடியாது, வலியைக் குறைக்க முடியும்.

முதலில் டாக்டரிடம் காட்டு. மூட்டுத் தேய்மானம்தான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதிலும் மூட்டு வீங்கி நொண்டும். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம், முதுகுத்தண்டிலும் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்தால்தான் தெரியும். லாப்ரடார்களுக்குத் தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வருவதுண்டு, வயதானதும் அது தேய்மானத்தில் கொண்டுபோய் விடும். கோவையில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேல் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன். ஒன்று மட்டும் செய். காலையில் அவள் எழுந்து நடப்பதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள். புது இடத்துப் பரபரப்பில் டாக்டர் முன்னால் அவள் நன்றாகவே நடந்து காட்டுவாள்.

மெலாக்சிகாம், கார்ப்ரோபென் என்று நாய்க்குக் கொடுக்கும் வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து அளவு சொல்வார்கள், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன்பும், தொடர்ந்து கொடுத்தால் இடையிடையேயும் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். வாந்தி, கறுப்பாக மலம், சாப்பிட மறுப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. ஸ்டீராய்டோடு இந்த மருந்துகள் சேரக்கூடாது. அதனால் தோல் அரிப்புக்கோ வேறு எதற்கோ ஊசி போட்டிருந்தால் மறக்காமல் சொல்லிவிடு. இதில் அடங்காத வலிக்கு கபாபென்டினும் சேர்ப்பார்கள்.

உன் அலமாரியில் இருக்கும் மனுச மாத்திரையை மட்டும் தொடவே தொடாதே. டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் எல்லாம் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலையும் நீயாகக் கொடுக்காதே. டைக்ளோபெனாக் என்று எழுதும்போதே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. 2006-ல்தான் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மாட்டுக்கு ஒத்துக்கொண்டது பாறுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கு ஒத்துக்கொள்வது ராணிக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எதை வைத்து நம்புவது? தைலமும் தேய்க்க வேண்டாம். ஊட்டியிலிருந்து வாங்கி வருவாயே யூகலிப்டஸ் தைலம், அதுவும் சரி, வலி பாம்களில் இருக்கும் கற்பூரமும் மீத்தைல் சாலிசிலேட்டும் சரி, நக்கி உள்ளே போனால் நாய்க்கு விஷம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து, உன் கையில் சூடு பார்த்துவிட்டு, இடுப்பில் ஒத்தடம் கொடு. போதும்.

மஞ்சள் விளைவிக்கிறவன் நான், ஆனாலும் சோற்றில் மஞ்சள் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அதிலிருக்கும் குர்க்குமின் உடம்பில் ஏறுவது மிகவும் குறைவு. அதைவிட மீன் எண்ணெய்க்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். குளுக்கோசமைன் மாத்திரைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை.

இனி நீ கேட்க விரும்பாத விஷயம். போன பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன், ராணிக்கு இடுப்பே தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் உடம்பு ஒடுங்க வேண்டும், தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே ஈத்துக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாகத் தீனி வைத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் வந்த முடிவு என்ன தெரியுமா? குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நொண்டுகிற குண்டு நாய்களுக்கு எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நடை தேறியதை இன்னொரு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ராணி 40 கிலோ என்றால் அது 2.4 கிலோதான். மாத்திரையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அத்தை டீ குடிக்கும்போதெல்லாம் ஒரு வர்க்கியை நீட்டுவார், பேத்தி தட்டில் மிஞ்சியதும் அவளுக்குத்தான், அப்புறம் ராத்திரிப் பால்சோறு. அத்தையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். பாசத்தைத் தடவிக் கொடுப்பதில் காட்டட்டும். சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணியோ பீன்ஸோ சேர்த்தால் வயிறு நிறையும். ஒரேயடியாகக் குறைக்காதே, மாதாமாதம் எடை போட்டுப் பார்த்து மெதுவாக இறக்கு.

உன் வீட்டு டைல்ஸ் தரையும் அவளுக்கு எதிரி. வழுக்காமல் நிற்பதற்கே காலை அகட்டி மூட்டுக்குப் பாரம் ஏற்றிக்கொள்கிறாள். பவானி ஜமுக்காளம் வைத்திருக்கிறாயே, அவள் நடக்கும் வழியெல்லாம் விரி. வெறுமனே போட்டால் அதுவும் சறுக்கும், அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். நகத்தையும் பாத இடுக்கு முடியையும் வெட்டிவிடு. படுக்கை கனமான ஃபோமாக இருக்கட்டும். மார்கழிக் குளிர் வந்தால் விறைப்பு கூடும், அதற்குள் ஒரு சென்னிமலைப் போர்வையும் எடுத்து வை.

வலிக்கிறது என்று நடையை ஒரேயடியாக நிறுத்தாதே, தொடைச் சதை வற்றினால் மூட்டுக்கு இன்னும் பாரம். கயிற்றில் பிடித்து, கொஞ்சங் கொஞ்சமாக, தினமும் ஒரே அளவில் நடத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து எறிந்து ஓடவிடுகிற பழக்கம் வேண்டாம். தோட்டத்துக்குக் கூட்டி வந்தால் நம் தண்ணீர்த் தொட்டியில் நடத்தலாம், அவள் இடுப்பளவு தண்ணீரில் கால் தாங்கும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். வாய்க்காலில் இறக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

தினசரி காலண்டர் தாளில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வா. மருந்து கேட்கிறதா என்பது டாக்டருக்கும் உனக்கும் அதில் தெரியும். எக்ஸ்ரே எடுத்ததும் எனக்குப் படம் அனுப்பு. உன் கார் டிக்கி தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து சொல். சாக்கு அடித்த சாய்வுப் பலகை ஒன்றை ஆசாரியிடம் இந்த வாரமே செய்யச் சொல்கிறேன், கோவைக்கு வரும்போது எடுத்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்