அவன் கம்பை நிறுத்திப் பார்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதே மனதில் ஓடுகிறது. பேரன் சிலம்பத்துக்கு இனிப் போக மாட்டேன் என்கிறான், கட்டின பணத்துக்காவது போ என்று நீ அதட்டினாயாம். பணக் கணக்கை அவனிடம் சொல்லாதே கண்ணு.

எது பிடிக்கவில்லை என்று கேட்டாயா? பத்து வயதில் நீயும் இப்படித்தான் நின்றாய். விரல் முட்டியில் அடிபட்ட பயம் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். பயமே இல்லை. மூன்று மாதமாக ஆசான் காலடி மட்டுமே போடச் சொன்னதில் உனக்கு அலுத்துவிட்டது. அது தெரிவதற்குள் எதிர்வீட்டுப் பையனோடு உன்னை ஒப்பிட்டுப் பேசிவிட்டேன். நீ கம்பை மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தாய். அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது.

காலடி சரியாக விழாமல் வீச்சு வராது; கம்பு சுற்றுவது கையில் என்றாலும் உடம்பைத் திருப்புவது கால்தான். பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? ஆசானிடம் போய்ச் சொன்னேன். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கம்பைக் கையில் கொடுக்கத் தொடங்கினார். சாயங்காலம் முற்றத்தில் நான் உனக்கு மாணவன் ஆனேன். "அப்பா, முட்டியை மடக்குங்க" என்று நீ அதட்டுவாய். நாலே நாளில் மறுபடி கிளம்பிவிட்டாய். அவனையும் உனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்.

2024 ஜனவரியில் இங்கே தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா தேசிய இளையோர் போட்டியில் சிலம்பமும் இருந்தது. தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்த்திருக்கிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் அதைச் சொல்லி அவனை இழுக்காதே. இன்று சாயங்காலம் களத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறானா என்பதுதான் அவனுக்குப் பெரிது. இல்லையென்றால் முதலில் அதைப் பார்.

பொங்கல் வரைக்கும் போகட்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் ஆசானை நேரில் பார்த்து, வணங்கிச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளட்டும். வாட்ஸ்அப்பில் நீ சொல்லி முடித்துவிடாதே. அழுத நாளில் மட்டும் எந்த முடிவும் வேண்டாம்.

இன்னொன்று, அவன் கம்பை நிறுத்திப் பார். நெற்றிவரை வர வேண்டும். வாங்கி இரண்டு வருடம் ஆகிறதே, பையன் வளர்ந்திருப்பான். குட்டையான கம்பை வைத்துக்கொண்டு எப்படி வீசுவான்?

புதிதாக வாங்க வேண்டாம். நீ ஏழாம் வகுப்பில் பிடித்த கம்பு பரணில் இருக்கிறது. இன்று காலை இறக்கி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அவன் நெற்றிக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

அப்பா